மண்டலமும் ஓட்டமும்: மனித உடலின் உள்ளமைப்பைச் சிறார்க்கு அறிமுகப்படுத்தும் தமிழ் குறித்து ஒரு திறனாய்வு

முன்னுரை

மலேசியத் தமிழ்ப்பள்ளி மாணவர் ஏழு வயது முதல் பன்னிரண்டு வயதிற்குள் தம் உடலின் முதன்மையான மண்டலங்களுள் பெரும்பாலானவற்றை அறிவியல் பாடத்தின்வழி அறிமுகம் செய்துகொள்கின்றனர். 2017-ஆம் ஆண்டு தொடங்கிப் படிப்படியாக நடைமுறைக்கு வந்த சீராய்வு செய்யப்பட்ட தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் இதற்கு ஒரு வரிசையை வகுத்துள்ளது. முதலாம் ஆண்டில் ஐம்புலன்கள் இடம்பெறுகின்றன. மூன்றாம் ஆண்டில் பற்களும் உணவு செரித்தலும், நான்காம் ஆண்டில் மூச்சுவிடுதல், கழிவகற்றல், தூண்டலுக்குத் துலங்குதல் ஆகியவையும் வருகின்றன. ஐந்தாம் ஆண்டில் எலும்பு மண்டலம், இரத்த ஓட்ட மண்டலம், மண்டலங்களுக்கு இடையிலான தொடர்பு ஆகியவையும், ஆறாம் ஆண்டில் இனப்பெருக்கமும் நரம்பு மண்டலமும் கற்பிக்கப்படுகின்றன. கண்ணுக்குத் தெரிவதில் தொடங்கித் தெரியாததை நோக்கிச் செல்லும் இவ்வரிசையில் குறைகாண அதிகமில்லை. குறை இருப்பது வரிசையில் அன்று, அவ்வரிசையைக் குழந்தையிடம் கொண்டு சேர்க்கும் தமிழில்தான் என்பது இக்கட்டுரையின் கருத்து.

அறிவியல் தமிழைப் பற்றிய நம் விவாதங்கள் பெரும்பாலும் கலைச்சொல்லாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. வடசொல்லா தமிழ்ச்சொல்லா, ஒலிபெயர்ப்பா மொழிபெயர்ப்பா என்று வாதிடுவதில் நாம் கைதேர்ந்தவர்கள். ஒரு சொல்லைக் கேட்ட எட்டு வயதுக் குழந்தையின் மனத்தில் என்ன படம் எழுகிறது என்ற வினாவோ அரிதாகவே எழுப்பப்படுகிறது. உடலைப் பொறுத்தவரை இவ்வினா ஒதுக்கத்தக்கதன்று. தாவரத்தையோ கோளையோ பற்றிய சொல் பிழைபட்டால் தேர்வில் மதிப்பெண் குறையும். உடலைப் பற்றிய சொல் பிழைபட்டால், தனக்கு என்ன நேர்ந்தது என்பதைக் குழந்தை தாயிடமோ மருத்துவரிடமோ சொல்ல இயலாமல் போகும்.

இங்கு ஒரு வரலாற்றுச் சூழலையும் கருத வேண்டும். 2003-ஆம் ஆண்டு முதலாம் ஆண்டு வகுப்பிலிருந்து அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009-இல் அறிவிக்கப்பட்டு, 2011 முதல் தமிழ்ப்பள்ளி அறிவியல் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பியது. 2016 முதல் இருமொழித் திட்டத்தின்கீழ்ச் சில பள்ளிகளில் ஆங்கிலமும் தொடர்ந்தது. 2003-இல் ஏழு வயதில் பள்ளிக்குச் சென்ற குழந்தைக்கு இன்று முப்பது வயதை ஒட்டிய அகவை. அத்தலைமுறையினர் பலர் இன்று பெற்றோராகவும் ஆசிரியராகவும் உள்ளனர். கல்லீரலையும் மண்ணீரலையும் தமிழில் ஒருபோதும் பயிலாத ஒருவர் அவற்றைத் தமிழில் கற்பிக்க நேர்கையில், அவர் கையில் இருப்பது பெயர்ப்பட்டியல் ஒன்றே. அப்பட்டியலின் தன்மையை ஆராய்வதற்கு இதுவே தக்க தருணம்.

மண்டலம் என்னும் சொல்

உறுப்புகள் பல கூடி ஒரு பணியைச் செய்யும் ஒழுங்கினைத் தமிழகமும் மலேசியாவும் 'மண்டலம்' என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் 'தொகுதி' என்கின்றன. அங்கே செரிமான மண்டலம் சமிபாட்டுத் தொகுதியாகவும், இரத்த ஓட்ட மண்டலம் குருதிச் சுற்றோட்டத் தொகுதியாகவும் வழங்கும். மண்டலம் என்பதற்கு வட்டம், நாடு, எல்லைக்குட்பட்ட பரப்பு என்னும் பொருள்கள் உண்டு. தொண்டை மண்டலமும் சோழ மண்டலமும் வரலாற்றில் பயின்றவை. விரதத்திற்கும் மருந்துண்பதற்கும் குறிக்கப்படும் 48 நாள் கால அளவும் ஒரு மண்டலமே. அறிவியல் பாடத்திலேயே சூரிய மண்டலத்தையும் வளிமண்டலத்தையும் குழந்தை சந்திக்கிறது. இவற்றுள் முன்னது ஓர் ஒழுங்கமைப்பு. பின்னதோ பூமியைச் சூழ்ந்த காற்றுப் போர்வை. அதில் உறுப்புகளும் இல்லை, கூட்டுப்பணியும் இல்லை. ஒரே பாடத்தில் ஒரே சொல் இருவேறு கருத்துகளைச் சுமக்கிறது. தொகுதி என்னும் சொல்லும் இதற்கு விலக்கன்று. நாளிதழ் வாசிக்கும் வீட்டில் வளரும் மலேசியக் குழந்தைக்குத் தொகுதி என்றால் தேர்தல்தான் நினைவுக்கு வரும்.

இதனால் விளையும் தீங்கு யாது? நிலப்பரப்பைக் குறிக்கும் சொல் எல்லைக்கோட்டையும் உடன் கொண்டுவருகிறது. வகுப்பறைச் சுவரில் தொங்கும் வண்ணப்படங்கள் அக்கோட்டினை மேலும் அழுத்தமாக வரைகின்றன. ஒரு படத்தில் எலும்பு மட்டும். மற்றொன்றில் இரைப்பையும் குடலும் மட்டும். மூன்றாவதில் சிவப்பும் நீலமுமான குழாய்கள் மட்டும். ஒரே உடல் ஐந்தாறு மனிதர்களாகப் பிரிந்து சுவரில் நிற்கிறது. நீலக் குழாயைக் கண்ட குழந்தை, உடலில் நீல நிற இரத்தமும் ஓடுவதாக நம்பிவிடுகிறது. நீலம் வரைவோரின் வசதிக்கான நிறம் என்பதைப் படம் தானே சொல்லாது.

உள்ளுறுப்புகளைக் குழந்தைகள் எவ்வாறு புரிந்துகொள்கின்றனர் என்பது குறித்து மைக்கேல் ரைஸும் சூ டேல் டனிக்ளிஃபும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு ஈண்டு நினைக்கத்தக்கது. தம் உடலுக்குள் இருப்பதை வரையுமாறு பல்வேறு வயதினரை அவர்கள் கேட்டனர். தனித்தனி உறுப்புகளைப் பற்றிய அறிவு பரவலாக இருந்தது. அவ்வுறுப்புகள் ஒன்றோடொன்று இணைந்து மண்டலமாக இயங்குவது பற்றிய அறிவோ வயது முதிர்ந்தோரிடத்தும் குறைவாகவே காணப்பட்டது. ஆங்கிலம் பேசும் நாட்டிலும் இந்நிலை எனில் குறை தமிழுக்கு மட்டும் உரியதன்று. பெயரை முன்னே நிறுத்திப் பணியைப் பின்னே தள்ளும் கற்பித்தல் முறையே அதற்கு வேர் எனலாம்.

சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளி அறிவியலில் ஓர் ஒப்பீடு கிடைக்கிறது. அங்கு அறிவியல் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுகிறது. மனித உடல், தாவரம், மின்சுற்று ஆகிய மூன்றும் 'அமைப்பு' என்னும் ஒரே கருப்பொருளின்கீழ் வைக்கப்பட்டுள்ளன. ஒரு பகுதி பழுதானால் முழுமையும் நின்றுவிடும் என்பதை மின்கலமும் மின்விளக்கும் கொண்டு உணர்ந்த குழந்தை, அதே கருத்தை உடலுக்கும் பொருத்திப் பார்க்க இடமுண்டு. மின்சுற்றை நாம் மின்மண்டலம் என்று சொல்வதில்லை. ஆகவே இவ்வொப்புமை தமிழில் சொல்வழியாகக் கிடைக்காது. ஆசிரியர்தாம் அதனை வலிந்து காட்ட வேண்டும். இதற்காக மண்டலம் என்ற சொல்லை மாற்ற வேண்டும் என்பது இக்கட்டுரையாளர் கருத்தன்று. நிலைபெற்றுவிட்ட சொல்லை மாற்றினால் ஆசிரியர் குழம்புவர். பழைய நூல்களும் பயனற்றுப் போகும். அச்சொல்லை வினையால் நிரப்ப வேண்டும் என்பதே வேண்டுகோள்.

இரு பழைய முயற்சிகள்

சிறார்க்கு உடலைத் தமிழில் சொல்லும் முயற்சி புதியதன்று. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், கால்வின் கட்டர் எழுதிய நூலைத் தமிழாக்கி 1857-இல் வெளியிட்டார். 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்பது அதன் பெயர். கட்டர் அமெரிக்கப் பள்ளிகளுக்கென உடல்நூல்கள் எழுதியவர் என்பது கவனிக்கத்தக்கது. மருத்துவம் பயில்வோர்க்கான தமிழ் உடற்கூற்றுக் கல்வி, பள்ளிப் பிள்ளைகளுக்கான நூல் ஒன்றைத் தழுவியே கால்கொண்டது.

நூற்பெயரின் மூன்று பகுதிகளும் முறையே உடற்கூறு, உடலியங்கியல், நலவியல் ஆகிய மூன்றையும் குறிப்பவை. இன்றைய வாசகர்க்கு அப்பெயர் நாவிற்கு எட்டாத வடமொழித் தொடராகவே தோன்றும். எனினும் அங்காதிபாதம் என்னும் சொல்லமைப்பு தமிழ்ப் புலவர்க்குப் புதியதன்று. பாதாதிகேசம், கேசாதிபாதம் என்று அடி முதல் முடி வரையும் முடி முதல் அடி வரையும் வருணிக்கும் சிற்றிலக்கிய மரபை அது நினைவூட்டுகிறது. கேட்போரின் இலக்கியப் பழக்கத்தோடு பொருந்தி ஒலிக்கும் பெயர் அந்நூலுக்கு வாய்த்தது எனலாம். ஆயினும் கேசாதிபாதம் புறவுடலின் வரிசை. நெற்றி, புருவம், கண் என்று அது இறங்கிவரும். கண்ணுக்குப் பின்னே உள்ள நரம்பு அதற்கு வேண்டாதது. அகவுடலுக்கு இத்தகைய வரிசை பொருந்துவதில்லை. மேலிருந்து கீழாகப் பார்த்தால் மூளை, மூச்சுக்குழல், இதயம், கல்லீரல் என்று வரும். இவை அடுத்தடுத்து இருப்பினும் ஒரே பணியைச் செய்வன அல்ல.

மற்றொரு முயற்சி, தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் சார்பில் பெ. தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து உருவாக்கிய குழந்தைகள் கலைக்களஞ்சியம். 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த அது, சிறார்க்கான தமிழ் உரைநடைக்கு நாம் இன்றும் எடுத்துக்காட்டத்தக்க பெரும்பணி. ஆனால் கலைக்களஞ்சியம் என்னும் வடிவம் அகரவரிசைக்குக் கட்டுப்பட்டது. அகரவரிசையில் இதயம் முன்னே வரும். நுரையீரல் தொலைவில் நிற்கும். மூளை இன்னும் அப்பால் செல்லும். இதயமும் நுரையீரலும் நொடிதோறும் ஒன்றுக்கொன்று இரத்தத்தை அனுப்பிக்கொண்டிருக்க, நூலில் அவை தம்முள் காணாத அயலாராக இருக்கின்றன. இதற்குப் பதிப்பாசிரியரைக் குறைகூறுவது பொருந்தாது, குறை வடிவத்தினுடையது. பள்ளிப் பாடநூலுக்கோ அத்தகைய கட்டாயம் எதுவும் இல்லை.

பிறப்பியல் காட்டும் வழி

உறுப்புகளை அவற்றின் பணிவழியே அறிமுகப்படுத்தும் தமிழ் முறை ஒன்று நம்மிடம் மிகத் தொன்மையாகவே உள்ளது. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் பிறப்பியல், ஒலி பிறக்கும் வகையைக் கூறுமிடத்துக் காற்றிலிருந்து தொடங்குகிறது. உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெறுகிறது. பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பனவும் கூடிய எட்டிடங்களில் உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்த, எழுத்துகள் வெவ்வேறாகப் பிறக்கின்றன. இங்கே நாவும் அண்ணமும் உறுப்புப் பட்டியலாக நிற்கவில்லை. காற்று அவ்விடத்தை அடையும்போதுதான் அவ்விடத்தின் பெயர் நமக்குச் சொல்லப்படுகிறது. நாவின் நுனி எங்கே தொடுகிறது, இதழ் எப்போது குவிகிறது என்று வினை வந்தபின் பெயர் பொருள்பெறுகிறது.

இதனைக் கொண்டு உடற்கூற்று அறிவு அனைத்தும் அன்றே தமிழரிடம் இருந்தது என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அத்தகைய கட்டுரைகள் நம்மிடையே போதிய அளவில் உள்ளன. காற்று உந்தியில் பிறப்பதில்லை என்பதும், மூச்சை இழுக்கையில் உதரவிதானம் கீழிறங்குவதால் வயிறு முன்தள்ளுகிறது என்பதும் இன்று நாம் அறிந்தவை. இங்கு வேண்டுவது அந்நூற்பாவின் கருத்தன்று. அதன் விளக்க முறையே. ஓர் ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டு அது செல்லும் வழியே உறுப்புகளைச் சந்திக்கச் செய்வது அம்முறை. தமிழாசிரியர்க்கு இது பழகிய வழி. வகர ஒலிக்கும் பகர ஒலிக்கும் உள்ள வேறுபாட்டை இதழில் விரல் வைத்துக் காட்டும் ஆசிரியர், ஏற்கெனவே ஓர் உடலியல் பாடத்தை நடத்திக்கொண்டிருக்கிறார். வயிற்றின்மேல் கைவைத்து மூச்சிழுக்கச் சொன்னால் மாணவர் உதரவிதானத்தின் வேலையைப் பெயர் அறியுமுன்னரே உணர்வர்.

ஒரு கவளத்தின் வழி

செரித்தலைக் கற்பிக்கையில் இம்முறையை ஓரளவு எல்லாரும் கையாள்கின்றனர். 'சோற்றுப் பருக்கையின் பயணம்' போன்ற தலைப்பில் தன்கதை எழுதச் சொல்வது நம் வகுப்பறைகளில் பழகிய பயிற்சிதான். பருக்கை பேசுகிறது, பற்களைக் கண்டு அஞ்சுகிறது, உணவுக்குழாயில் வழுக்குகிறது, இரைப்பையில் குளிக்கிறது, இறுதியில் வெளியேறுகிறது. கதை சுவையானதே. ஆனால் அதில் ஒரு பெரும் பிழை மறைந்திருக்கிறது. உட்சென்ற பருக்கை அப்படியே வெளியே வருமானால் உண்டது எதற்கு? கதை முழுவதும் குழாய்க்குள்ளேயே நடப்பதால், குழாயின் சுவரைக் கடந்து சத்து இரத்தத்தில் சேரும் செய்தி விடுபட்டுவிடுகிறது. செரித்தலின் பயனே அதுதான்.

சிறுகுடலில் பயணம் இரண்டாகப் பிரிகிறது என்று கதையை மாற்றி எழுதச் செய்தால் போதும். ஒரு பங்கு சுவரைக் கடந்து இரத்தத்தோடு கல்லீரலை நோக்கிச் செல்கிறது. எஞ்சியது பெருங்குடலுக்குச் செல்கிறது. மூன்றாம் ஆண்டின் செரிமானமும் ஐந்தாம் ஆண்டின் இரத்த ஓட்டமும் சந்திக்கும் முச்சந்தி அது. மண்டலங்களுக்கு இடையிலான தொடர்பு என்று கலைத்திட்டம் பின்னர்த் தனித்தலைப்பாகக் கேட்பதற்கு இங்கேயே விதை ஊன்றலாம்.

குழந்தைகள் தம் உடலைப் பற்றி உயிரியல் நோக்கில் சிந்திக்கத் தொடங்குவது பத்து வயதை ஒட்டியே என்று சூசன் கேரி 1985-இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். ஜப்பானிய ஆய்வாளர்களான ஹத்தானோவும் இனகாக்கியும் இதனை மறுத்து, ஆறு வயதினரே உணவிலிருந்து ஓர் உயிராற்றலை உறுப்புகள் பெறுவதாக விளக்கம் கொள்கின்றனர் என்று காட்டினர். நம் வீடுகளில் இக்கருத்திற்கு ஒரு சொல் ஆயத்தமாக உள்ளது. சத்து என்பதே அது. கீரையில் சத்து இருக்கிறது என்று பாட்டி சொல்லி வளர்ந்த குழந்தையிடம், அச்சத்து குடற்சுவரைக் கடந்து இரத்தத்தில் சேர்கிறது என்று சொல்வது எளிது. 'ஊட்டச்சத்து உறிஞ்சப்படுதல்' என்று தொடங்குவதைவிட இது நல்ல தொடக்கம். அக்கலைச்சொல் அடுத்த படியில் வரட்டும்.

நீரின் வழியையும் இவ்வாறே திருத்த வேண்டும். குடித்த நீர் வயிற்றிலிருந்து ஒரு தனிக்குழாய் வழியே சிறுநீர்ப்பையை அடைவதாகப் பிள்ளைகள் எண்ணுவது இயல்பு. சிறுநீர் என்ற பெயரிலேயே நீர் இருப்பதால் அவ்வெண்ணம் மேலும் வலுப்பெறுகிறது. உண்மையில் அந்நீர் குடலிலிருந்து இரத்தத்தில் கலந்து, உடலெங்கும் சுற்றி, சிறுநீரகத்தில் வடிக்கப்பட்ட பின்னரே சிறுநீராகிறது. நான்காம் ஆண்டுப் பாடம் கழிவகற்றலையும் மலங்கழித்தலையும் வேறுபடுத்துவதன் காரணம் இங்கேதான் விளங்கும். சிறுநீரும் வியர்வையும் வெளிமூச்சில் செல்லும் கரியமிலவாயுவும் உடலுக்குள் புகுந்து, உடலால் ஆக்கப்பட்டு வெளியேறுபவை. மலத்தின் பெரும்பகுதியோ குழாய்ச் சுவரைக் கடவாமலே வெளியேறுவது. மலாய்மொழி இவ்விரண்டிற்கும் 'பெர்குமுஹான்', 'பெஞஹ்திஞாஆன்' என்று தொடர்பற்ற இரு சொற்களை வைத்துள்ளது. தமிழில் இரண்டிலும் கழிவும் கழித்தலும் வருவதால் வேறுபாடு மங்குகிறது. ஓட்டத்தைப் பின்தொடர்ந்த மாணவர்க்கு இச்சொல் ஒற்றுமை இடராகாது. வரையறையை மனனம் செய்தவர்க்கு இடராகும்.

உறுப்புப் பெயர்கள்: உதவுவனவும் வழிமாற்றுவனவும்

தமிழ் உறுப்புப் பெயர்களில் ஒரு பகுதி குழந்தைக்குக் கிடைத்த கொடை எனலாம். இரைப்பை, பித்தப்பை, சிறுநீர்ப்பை, கருப்பை ஆகிய நான்கும் தம் பணியைத் தாமே சொல்கின்றன. பையில் என்ன இருக்கும் என்று கேட்டால் மூன்றாம் ஆண்டு மாணவர் சொல்லைப் பிரித்தே விடையளிப்பர். வெட்டுப்பல் வெட்டும், உணவுக்குழாயில் உணவும் மூச்சுக்குழலில் மூச்சும் செல்லும். ஆங்கிலவழிப் பயிலும் குழந்தைக்கு இவ்வசதி இல்லை. புணர்ச்சியும் தொகையும் கற்பிக்கும் மொழிப்பாடத்திலேயே இவற்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஏன் கொள்வதில்லை என்பது வியப்பாகவே உள்ளது.

வேறு சில பெயர்கள் அதே தெளிவோடு தவறான வழியைக் காட்டுகின்றன. கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் ஆகிய மூன்றும் ஈரல் என்னும் குடும்பப்பெயர் தாங்கியவை. பெயரை நம்பும் குழந்தை இவற்றை உடன்பிறப்புகளாகக் கொள்ளும். ஆனால் கல்லீரல் செரித்தலுக்குத் துணைநிற்பது, நுரையீரல் மூச்சுக்குரியது, மண்ணீரலோ இரத்தத்தோடும் நோய்த்தடுப்போடும் தொடர்புடையது. இப்பெயர்கள் பணியைப் பார்த்து இட்டவை அல்ல, கையில் எடுத்துப் பார்த்த தோற்றத்தைக் கொண்டு இட்டவை என்றே தோன்றுகிறது. காற்றுப் பொதிந்து நுரைபோல் மென்மையாக இருப்பது ஒன்று. கெட்டியாகக் கனப்பது மற்றொன்று. ஈரல், குடல், மூளை என்னும் சொற்களை நம் பிள்ளைகள் அறிவியல் நூலில் முதன்முதலாகக் காண்பதில்லை. ஆட்டிறைச்சி வாங்கும் வீடுகளில் அவை சமையலறைச் சொற்கள். அந்தப் பழக்கத்தைப் பாடநூல் பயன்படுத்திக்கொள்ளலாம். தாய் சமைக்கும் ஈரலும் படத்தில் உள்ள கல்லீரலும் ஒரே வகை உறுப்பு என்று தெரிந்தவுடன் உடல் சுவர்ப்படத்திலிருந்து இறங்கி அருகே வந்துவிடுகிறது.

சிறுகுடல் என்னும் பெயரும் அப்படியே. சிறியது என்று கேட்ட குழந்தை அது குட்டையானது என்று முடிவுசெய்யும். ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ளது சிறுகுடல். பெருங்குடலின் நீளம் ஏறத்தாழ 1.5 மீட்டரே. சிறுமையும் பெருமையும் அகலத்தைக் குறித்தவை என்ற ஒரு வரி போதும். பள்ளித்திடலில் 6 மீட்டர் கயிற்றை நீட்டிக் காட்டினால் அவ்வரியும் தேவைப்படாது.

எல்லாவற்றினும் சிக்கலானது நரம்பு. 'நரம்பு புடைக்கிறது' என்று நாம் சொல்வது பெரும்பாலும் இரத்தக்குழாயை. சுளுக்கினால் நரம்பு பிசகியது என்போம். அது தசைநாணாகவோ தசையாகவோ இருக்கும். யாழுக்கும் நரம்பு உண்டு, இலைக்கும் உண்டு. கீழ்வகுப்பு அறிவியலில் இலையின் நரம்பமைப்பைப் பார்க்கும் குழந்தை, இலை நரம்பு நீரைக் கொண்டுசெல்கிறது என்று அறிகிறது. அதே குழந்தை ஆறாம் ஆண்டில் நரம்பு மண்டலத்தைச் சந்திக்கையில், நரம்பு செய்தியைக் கொண்டுசெல்வது, அதனுள் நீர்மம் எதுவும் ஓடுவதில்லை என்று கேட்க நேர்கிறது. இடையில் தன் புறங்கையில் தெரியும் பச்சைக் கோடுகளையும் நரம்பு என்றே வீட்டில் கேட்டு வளர்ந்திருக்கிறது. இம்மூன்றையும் ஆசிரியர் வெளிப்படையாகப் பிரித்துக் காட்டாவிடில், மூளையிலிருந்து புறப்படும் நரம்பில் இரத்தம் ஓடுவதாக மாணவர் வரைவதில் வியப்பில்லை. மலாயில் 'உராட்' என்ற சொல்லும் இதுபோல் இரத்தக்குழாய், தசைநாண், இலைநரம்பு ஆகியவற்றுக்குப் பொதுவாக வழங்குவதால், மும்மொழிச் சூழலில் வளரும் நம் மாணவர்க்குக் குழப்பம் இரட்டிப்பாகிறது. இரத்தம் ஓடுவதை நாளம் என்றும் செய்தி செல்வதை நரம்பு என்றும் தொடக்கம் முதலே பிரித்தாளும் ஒழுங்கு வேண்டும். இலங்கை மரபில் நாடி, நாளம் என்றும் தமிழகத்தில் தமனி, சிரை என்றும் வழங்கும் உட்பிரிவுகள் இப்பருவத்திற்கு வேண்டாதவை.

சுவாசம் பற்றியும் ஒரு சொல். மூச்சை உள்ளிழுத்து வெளிவிடுவதையும், உயிரணுவில் உணவு எரிந்து ஆற்றலாவதையும் ஒரே சொல்லால் குறிக்கிறோம். தொடக்கப்பள்ளியில் மூச்சுவிடுதல் என்னும் எளிய தமிழையே கையாண்டு, சுவாசம் என்பதை இடைநிலைப்பள்ளிக்கு ஒதுக்கிவைத்தால் பின்வரும் ஆசிரியர் நன்றி பாராட்டுவார்.

பெயரில்லாத உறுப்புகள்

இதுவரை பெயரின் மிகுதியால் வரும் இடரைக் கண்டோம். ஒரு மண்டலத்தில் மட்டும் பெயரின் இன்மையே இடராக உள்ளது. 'வயிற்றில் பாப்பா இருக்கிறது' என்று கேட்கும் குழந்தை, அது இரைப்பையில் சோற்றோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளும். கருப்பை என்னும் சொல்லைக் கருவுக்குரிய பை என்று பிரித்துச் சொல்ல ஒரு நிமிடம் போதும். பலரும் சொல்வதில்லை, ஆறாம் ஆண்டு வரட்டும் என்று விட்டுவிடுகின்றனர்.

ஆனால் நலக்கல்விப் பாடம் அதுவரை காத்திருப்பதில்லை. முதலாம் ஆண்டிலேயே பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல் ஆகியவை பேசப்படுகின்றன. உடலின் எப்பகுதியைப் பிறர் தொடலாகாது என்பதை ஏழு வயதுக் குழந்தை அறிந்திருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அப்பகுதிக்கு நாம் தரும் தமிழ்ச்சொற்கள் யாவை? மர்ம உறுப்பு, மறைவிடம், அந்தரங்கப் பகுதி, 'அங்கே'. இவை பெயர்கள் அல்ல. பெயரைச் சொல்லாதிருப்பதற்கான ஏற்பாடுகள். மர்மம் என்றால் வெளியே சொல்லக்கூடாதது என்றே குழந்தை பொருள்கொள்ளும். தீங்கு நேர்ந்தால் சொல்ல வேண்டும் என்று கற்பிக்கும் அதே பாடம், சொல்லக்கூடாதது என்னும் பெயரையே கையில் கொடுத்து அனுப்புகிறது. 2017-இல் மலேசியாவில் சிறார்மீதான பாலியல் குற்றங்களுக்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அத்தகைய வழக்கில் குழந்தை தனக்கு நேர்ந்ததைத் தன் மொழியில் தெளிவாகச் சொல்லவேண்டி வரலாம். அந்நேரத்தில் அதனிடம் ஆங்கிலச் சொல்லோ மலாய்ச் சொல்லோ இருந்து, தமிழ்ச்சொல் மட்டும் இல்லாதிருந்தால் அதன் பொருள் என்ன என்பதைத் தமிழாசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் அறிவியலை ஆங்கிலத்தில் மட்டுமே பயிலும் தமிழ்க் குழந்தைக்கு இவ்விடைவெளி இன்னும் அகலமானது. பாட்டியிடம் சொல்ல அதற்குத் தமிழ் இராது. ஆங்கிலத்தில் சொன்னால் பாட்டிக்கு விளங்காது.

பிறப்புறுப்பு, ஆண்குறி, பெண்குறி ஆகிய சொற்கள் மருத்துவ நூல்களில் இயல்பாக வழங்குபவை. அவற்றில் இழிவு ஏதுமில்லை. முதலாம் ஆண்டில் கை, கால், மூக்கு, காது என்று எழுதச் சொல்லும் ஆசிரியர் அதே குரலில், அதே வேகத்தில் இவற்றையும் ஒருமுறை சொல்லிவிட்டால், இனப்பெருக்க மண்டலம் என்னும் சொல்லை ஆறாம் ஆண்டில் கேட்கும்போது வகுப்பில் எழும் சிரிப்பும் குறையும். குரல் தாழ்த்திச் சொல்லப்படும் ஒன்றையே பிள்ளைகள் நகைப்புக்குரியதாகவோ அஞ்சத்தக்கதாகவோ எடுத்துக்கொள்கின்றனர். பெற்றோர் சிலர் முறையிடக்கூடும் என்னும் தயக்கம் ஆசிரியரிடையே உண்டு. அத்தயக்கம் நியாயமற்றது என்று சொல்வதற்கில்லை. ஆண்டின் தொடக்கத்தில் நடைபெறும் பெற்றோர் சந்திப்பில் அச்சொற்களைக் கரும்பலகையில் எழுதி, இவற்றையே பிள்ளைகளுக்குச் சொல்லப்போகிறோம், வீட்டிலும் இவற்றையே சொல்லுங்கள் என்று கூறுவது பள்ளிகள் தாமாகவே செய்யக்கூடிய செயல்.